ஸ்கேன் படத்தில் உங்கள் வலது எது?

வயிற்றுக்கு எடுத்த சிடி ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால், கல்லீரல் படத்தின் இடப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும். உடலில் கல்லீரல் இருப்பதோ வலப் பக்கம். படம் புரண்டு அச்சாகிவிடவில்லை. ஸ்கேன் மையத்தின் தவறும் இல்லை. படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று தலைமாட்டை நோக்கிப் பார்ப்பதுபோல உடலின் குறுக்குவெட்டைக் காட்ட வேண்டும் என்று கதிரியல் மருத்துவர்கள் உலகம் முழுவதும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அப்படி நின்று பார்க்கும்போது நோயாளியின் வலது, பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் வந்துவிடும்.

மருத்துவம் படிக்க வருபவருக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பருக்கும் தெரியும். அறுவை அரங்கில் உதவும் செவிலியருக்கும் தெரியும். படத்துக்குச் சொந்தக்காரரான நோயாளியிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர் பணம் கட்டி, பட்டினி கிடந்து, குகைபோன்ற இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்து எடுத்துக்கொண்ட படம் அது. பெரிய உறையில் போட்டு ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைபவரும் அவர்தான்.

இந்த நிலை மாற வேண்டும். உடலைத் திசை பிரித்து அறிவதற்கு உடற்கூறியல் வகுத்திருக்கும் அடிப்படை ஒழுங்கை, ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் விளக்குவது மருத்துவமனையின் வேலைகளில் ஒன்றாக வேண்டும். பொது அறிவு வளரட்டும் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பு இதில் இருக்கிறது.

உடலைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அந்த உடல் எப்படி நிற்கிறது என்று முடிவு செய்தாக வேண்டும். படுத்திருப்பவருக்கு ‘மேலே’ என்றால் நெஞ்சா, தலையா? கையை உயர்த்தி நிற்பவருக்கு முழங்கை தோளுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட உடற்கூறியலார் ஒரே ஒரு நிலையை வகுத்துக்கொண்டார்கள். நிமிர்ந்து நிற்க வேண்டும். முகமும் கால்விரல்களும் முன்னோக்கி இருக்க வேண்டும். கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், அறுவை மேசையில் ஒருக்களித்துக் கிடந்தாலும், மருத்துவர் எழுதும் குறிப்பில் அவர் இப்படித்தான் நிற்கிறார்.

உள்ளங்கை ஏன் முன்னே பார்க்க வேண்டும்? அதற்கும் காரணம் உண்டு. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை முன்பக்கம் இருக்கும்போது அவை இரண்டும் இணையாக நிற்கும். உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பினால் ஓர் எலும்பு மற்றதன்மேல் குறுக்காகப் புரண்டுவிடும். எது உட்பக்கம், எது வெளிப்பக்கம் என்று குழப்பமில்லாமல் சொல்ல முன்பக்கம் பார்த்த கைதான் வசதி. வாசிப்பவர் தன் முன்கையைப் பிடித்தபடி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் எலும்பு புரள்வது விரலுக்குத் தெரியும்.

இப்படி நிற்கும் உடலை மூன்று விதமாக வெட்டலாம். மூக்கு நுனி, தொப்புள் வழியாக மேலிருந்து கீழே இறங்கி உடலை வலம், இடம் என்று பிரிப்பது ஒன்று. அறிக்கைகளில் சஜிட்டல் என்று இருக்கும். காதிலிருந்து காதுக்குப் போய்க் கீழே இறங்கி, முன்பாதி, பின்பாதி என்று பிரிப்பது கொரோனல். வெள்ளரிக்காயை வில்லை போடுவதுபோல உடலைக் குறுக்கே வெட்டி மேல், கீழ் என்று பிரிப்பது ஆக்சியல். தளங்கள் என்று இவற்றைத்தான் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. உடலுக்குள் இருக்கும் எந்தப் புள்ளியையும், ஒரு மில்லிமீட்டர் கட்டியாக இருந்தாலும், இந்த மூன்றையும் வைத்து இன்ன இடம் என்று சொல்லிவிடலாம்.

வலம் இடமாக உடலைப் பிரிக்கும் நடுக்கோடு தமிழ்நாட்டுக் கைவினைஞர்களுக்கு நூற்றாண்டுகளாகப் பழகிய ஒன்று. சிற்ப மரபில் அதற்குப் பிரம்ம சூத்திரம் என்று பெயர். தெய்வ உருவத்தின் உச்சியிலிருந்து பாதம்வரை அந்தக் கோடு இறங்கும். நேரே நிற்கும் படிமத்தில் உடல் அதன் இருபுறமும் சமமாக அமையும். மூன்று இடங்களில் ஒசியும் படிமத்தில் எந்த உறுப்பு கோட்டிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. சுவாமிமலையில் இன்றும் தென்னை ஓலையை மடித்து அளவு குறித்துக்கொண்டு மெழுகுப் பிரதிமை செய்கிறார்கள். ஒரு கோட்டை நிறுத்திவிட்டு உடலை அதிலிருந்து அளப்பது இந்த மண்ணுக்கு அந்நியமான அறிவு என்று எவரும் சொல்ல முடியாது.

உடலின் உட்புறத்தை இப்படி வெட்டி வரைவது ஐரோப்பாவில் நீண்ட காலம் எடுத்து வளர்ந்த கலை. 1489-இல் லியொனார்டோ டா வின்சி மண்டையோட்டை நெடுக்காக அறுத்து, பாதியை உள்ளேயிருந்து வரைந்தார். படத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்து உள்ளே இருக்கும் இடங்களைக் குறிக்க முயன்றார். ஆனால் எலும்பு அறுத்தாலும் உருக்குலையாது. மென்மையான உறுப்புகள் அப்படி இல்லை. நெஞ்சுக்கூட்டைத் திறந்த உடனே காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். வயிற்றைத் திறந்தால் குடல் சரியும். உயிருள்ள உடலில் எது எதற்கு அடுத்து, எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்பது பிணத்தைத் திறக்கும் முயற்சியிலேயே அழிந்துபோனது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் பிரகோவ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கடுங்குளிரில் சந்தையில் உறைந்து கிடந்த பன்றிகளை அறுத்து விற்பதைப் பார்த்தபோது அவருக்கு இந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். உறைந்த உடலில் உறுப்புகள் நகராது. இறந்தவர்களின் உடல்களைக் கல்லாக உறையவைத்து, ரம்பத்தால் மூன்று திசைகளிலும் மெல்லிய தகடுகளாக அறுத்து, ஒவ்வொரு தகட்டையும் உள்ளபடி வரையவைத்தார். 1852 முதல் 1859 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்தப் பெரும் படத்தொகுப்பின் லத்தீன் தலைப்பிலேயே ‘மூன்று திசைகளில்’ என்ற சொற்கள் இருக்கின்றன. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் முன்பு நடந்தது இது. இன்று எம்ஆர்ஐ திரையில் ஓடும் படங்களைப் பிரகோவின் தகடுகளோடு ஒப்பிட்டால் அவை ஒரே குடும்பம் என்பது பார்த்த உடனே விளங்கும்.

பிரகோவுக்கு ஒரு தெளிவான நோக்கம் இருந்தது. காகசஸ் போர்முனையில் ஈதர் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்தவர் அவர். கிரிமியப் போரிலும் பணியாற்றினார். கத்தி உள்ளே போகும்போது முதலில் எது வரும், எந்த ரத்தக்குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று அறுவை மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை உழைப்பு.

ரம்பம் இல்லாமல், உயிரோடு இருப்பவரின் குறுக்குவெட்டைப் பார்க்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. இயந்திரத்தை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்பீல்ட், இஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளர். ஒரு படத்துக்கு 80க்கு 80 புள்ளிகள்தான். ஒரு வெட்டை எடுக்கவே சில நிமிடங்கள் பிடித்தன. ஆனாலும் மண்டையோட்டுக்குள் இருந்த நோய் திறக்காமலேயே கண்ணுக்குத் தெரிந்தது. இதன் கணிதத்தைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மக்கோடு சேர்த்து 1979-இல் ஹவுன்ஸ்பீல்டுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்த முதல் இயந்திரத்துக்குக் குறுக்குவெட்டு மட்டுமே தெரியும். இப்போதைய சிடி இயந்திரங்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய வெட்டுகளை எடுத்து, கணினி வழியே அவற்றை மறுபடி அடுக்கி, கேட்ட தளத்தில் காட்டுகின்றன. எம்ஆர்ஐ இன்னும் ஒரு படி மேலே போய், காந்தப்புலத்தின் சரிவை மாற்றுவதன் மூலமே விரும்பிய தளத்தில் நேரடியாகப் படம் எடுக்கிறது. முழங்கால் தசைநார் சாய்வாக ஓடுகிறது என்றால் அதே சாய்வில் வெட்டிப் பார்க்கலாம். சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட கருக்குழந்தை மூளை வரைபடத்தில் 5,132 வெட்டுகள் இருக்கின்றன. பிரகோவ் தொடங்கிய வேலை நம் ஊரில் செல்லின் அளவுக்கு நுணுகிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் இயந்திரம் எவ்வளவு கூர்மையானாலும், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கதிரியல் மருத்துவர் கால்மாட்டில் நின்று பார்க்கிறார். மூளை அறுவை மருத்துவரோ தலைமாட்டில் நிற்பவர். வலதை வலதாகவே காட்டும் படம் அவருக்கு இயல்பாக இருக்கும். மூளை ஆய்வில் இந்த இரண்டு வழக்கங்களும் இன்றுவரை அருகருகே இருக்கின்றன. எந்த வழக்கம் என்று கவனிக்காமல் படத்தைப் படித்தால் வலது இடதாகிவிடும் என்று ஆய்வு மாணவர்களை எச்சரிப்பது வாடிக்கை. படித்தவர்களையே எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்றால் படிக்காத நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தளம் பிசகினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் அதிகம் அனுபவிப்பவர்கள் கர்ப்பிணிகள். பதினோராவது வாரம் முடிந்து பதினான்காவது வாரம் முடிவதற்குள் என்டி ஸ்கேன் எடுக்கிறார்கள். குழந்தையின் பிடரித் தோலுக்கு அடியில் தேங்கும் நீரின் தடிமனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கும் சோதனை அது. 3.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் குரோமோசோம் குறைபாடோ இதயக் கோளாறோ இருக்குமா என்று மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். குழந்தையின் மிகச் சரியான நடு சஜிட்டல் தளத்தில், முகம் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும்படி எடுத்தால்தான் இந்த அளவு செல்லும். சற்றே சாய்ந்தாலும் எண் மாறும். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு குடும்பம் பல வாரங்கள் உறங்காமல் தவிக்கவோ நிம்மதியாக இருக்கவோ போகிறது.

“கொஞ்ச நேரம் நடந்துட்டு வாங்கம்மா, குழந்தை திரும்பட்டும்” என்று ஸ்கேன் அறையிலிருந்து வெளியே அனுப்பப்படாத தாய்மார்கள் குறைவு. வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஏதோ குறை, அதனால்தான் மறுபடி பார்க்கிறார்கள் என்று கூட வந்தவர்கள் கலங்குவார்கள். நடந்தது மிக எளிய விஷயம். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. மருத்துவருக்கு வேண்டிய தளம் கிடைக்கவில்லை. ‘குழந்தையை நேர் பக்கவாட்டில் பார்த்தால்தான் சரியாக அளக்க முடியும்’ என்று காத்திருப்பு அறைச் சுவரில் படத்தோடு ஒரு விளக்கம் இருந்தால் அந்த அரை மணி நேர வேதனை மிச்சம். பின்னால் எடுக்கும் ஸ்கேன்களிலும் இதே கதைதான். அறிக்கையில் பிபிடி என்று வரும் தலையின் அகலம் ஒரு குறிப்பிட்ட குறுக்குவெட்டில் அளந்தது. கருவியைச் சாய்த்துப் பிடித்தால் தலையின் வடிவமே மாறித் தெரியும்.

அடுத்து முதுகுவலிக்காரர்கள். முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுத்தவர்கள் முதலில் பார்ப்பது சஜிட்டல் படத்தை. முள்ளெலும்புகள் அடுக்காகத் தெரியும். எத்தனையாவது எலும்புக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கியிருக்கிறது என்று அதில் எண்ணிவிடலாம். பிதுக்கம் வலது நரம்பை அழுத்துகிறதா, இடது நரம்பையா என்பதை அந்தப் படத்தில் எளிதாகச் சொல்ல முடியாது. அதற்குக் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். இடது கால் குடைகிறது, படத்தில் வலப் பக்கம் பிதுங்கித் தெரிகிறது என்றால் நோயாளி மிரண்டுபோவார். குறுக்குவெட்டுப் படத்தில் வலப் பக்கம் தெரிவதுதான் அவருடைய இடது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மிரட்சிக்கு இடமே இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலி எதுவும் இல்லாத 3,110 பேரின் முதுகுத்தண்டுப் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் வட்டுப் பிதுக்கம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோய் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வலிக்கும் பக்கமும் படத்தில் அழுத்தம் தெரியும் பக்கமும் ஒத்துப்போகிறதா என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்கும் அளவுக்கு நோயாளிக்குத் தெரிந்திருந்தால் தேவையற்ற பல அறுவைப் பேச்சுகள் அங்கேயே முடிந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது நேருக்கு நேர் பார்க்கும் கொரோனல் தளத்தில்தான் நன்றாகத் தெரியும். கூன் விழுவது பக்கவாட்டுப் பார்வையில் தெரியும். ஒரு பக்கப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு எலும்பு நேராக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இதயம் இவற்றுக்கெல்லாம் அடங்காதது. நெஞ்சுக்குள் அது சாய்ந்து, திருகிக் கிடப்பதால் எக்கோ எடுப்பவர்கள் உடலின் தளங்களை விட்டுவிட்டு இதயத்தின் சொந்த அச்சை வைத்தே நெடுக்காகவும் குறுக்காகவும் பார்க்கிறார்கள். தளங்கள் இயற்கை போட்டுவைத்த கோடுகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மனிதர்கள் சேர்ந்து போட்ட கோடுகள். ஆகவே எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் அவற்றுக்குப் பலன்.

தெரியாமல் போனால், தெரிந்தும் கவனிக்காமல் போனால் என்ன நடக்கும்? 2000 ஜனவரியில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெத்லி நகர மருத்துவமனையில் ஒரு முதியவருக்கு வலது சிறுநீரகத்தை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இடது சிறுநீரகத்தை. அனுமதிச் சீட்டில் பக்கம் தவறாக எழுதப்பட்டிருந்தது. அறுவை அரங்கில் இருந்த மருத்துவ மாணவி ஒருவர், தவறான சிறுநீரகத்தை எடுக்கிறீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. சில வாரங்களில் நோயாளி இறந்துபோனார்.

அமெரிக்காவில் 1995-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ஒருவருக்கு எடுக்க வேண்டிய காலை விட்டுவிட்டு மற்றொரு காலை எடுத்துவிட்டார்கள். 2007-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரே ஆண்டில் மூன்று முறை மூளையின் தவறான பக்கத்தில் அறுவை நடந்தது. மாநிலச் சுகாதாரத் துறை 50,000 டாலர் அபராதம் விதித்தது. இவை எல்லாம் வசதி குறைந்த இடங்களில் நடந்தவை அல்ல. படித்தவர்கள், அனுபவசாலிகள், நல்ல கருவிகள் இருந்தும் நடந்தவை. பக்கம் மாறுவது அறிவின்மையால் மட்டும் வருவதில்லை. அசதி, அவசரம், ஒருவர் எழுதியதை அடுத்தவர் சரிபார்க்காமல் நம்புவது ஆகியவற்றால் வருகிறது.

இதைத் தடுக்க எலும்பு மருத்துவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். 1994-இல் கனடாவிலும் 1998-இல் அமெரிக்காவிலும், அறுவை செய்யப்போகும் இடத்தில் மருத்துவர் தன் கையெழுத்தை மையால் இட வேண்டும் என்ற இயக்கம் தொடங்கியது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உள்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தார்கள். 2009-இல் வந்த முடிவின்படி அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. தொற்றுத் தடுப்பு மருந்து, ரத்த இழப்புக்கான முன்னேற்பாடு என்று பல விஷயங்கள் சேர்ந்து தந்த பலன் இது. பக்கத்தைச் சரிபார்ப்பதும் அவற்றுள் ஒன்று.

அந்தப் பட்டியலின் முதல் கேள்வியைக் கவனித்துப் படிக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பாக, தான் யார், எந்த இடத்தில், என்ன அறுவை என்பதை நோயாளியே தன் வாயால் உறுதிசெய்தாரா என்று அது கேட்கிறது. காரணம் வெளிப்படை. எந்த முழங்கால் வலிக்கிறது என்று உடம்பால் அறிந்தவர் அந்த அரங்கில் ஒருவர்தான். சற்று நேரத்தில் மயங்கிக் கிடக்கப் போகிறவரும் அவரே. அவர் விழித்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் வீணாகக் கூடாது.

எக்ஸ்ரே படங்களின் ஓரத்தில் ஆர் அல்லது எல் என்று ஓர் எழுத்து வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்திருப்போம். ஈயத்தால் செய்த எழுத்து அது. படம் எடுக்கும்போதே உடலின் அருகே வைத்துவிடுவதால் பக்கம் படத்தோடு பதிந்துவிடுகிறது. பிற்பாடு கணினியில் சேர்க்கும் எழுத்தைவிட இது நம்பகமானது. சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் முழுவதுமே இடம் மாறி, இதயம் வலப்புறமும் கல்லீரல் இடப்புறமுமாக அமைந்திருக்கும். அப்படிப்பட்டவரின் படத்தில் அந்த ஈய எழுத்து இல்லையென்றால், படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்றே பார்ப்பவர் நினைப்பார். கட்டைவிரல் அளவு ஈயத் துண்டு ஓர் அரிய உண்மையைக் காப்பாற்றுகிறது. எக்ஸ்ரே படம் கைக்கு வந்ததும் அந்த எழுத்து இருக்கிறதா, தனக்கு வலிக்கும் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று நோயாளி பார்க்கலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை.

கிராமத்திலிருந்து வரும் மூதாட்டி “சோத்தாங்கைப் பக்கம் குத்துது” என்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர் அதை ஆங்கிலத்தில் வலது என்று எழுதுவார். நெரிசலான புறநோயாளிப் பிரிவில், நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும் இருவரின் வலதும் இடதும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும் நிலையில், அந்தச் சொல் ஆங்கில எழுத்தாக மாறி, சீட்டாகி, கோப்பாகி, பல கைகள் கடந்து அறுவை அரங்குக்குப் போகிறது. கடைசிவரை அது மூதாட்டியின் சோத்தாங்கைப் பக்கமாகவே இருந்ததா என்று சரிபார்க்க அவரையே கேட்பதைவிடச் சுலபமான வழி இல்லை.

நோயாளிக்குப் பாதி தெரிந்தால் ஆபத்து, இணையத்தில் எதையாவது படித்துவிட்டு வந்து வாக்குவாதம் செய்வார்கள் என்று மருத்துவர்கள் சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் அரசு மருத்துவருக்கு ஒவ்வொருவருக்கும் வகுப்பு எடுக்க நேரமும் கிடையாது. ஆனால் இங்கே கேட்பது நோயைக் கண்டறியும் அறிவை அல்ல. படத்தில் எது என் வலது, இது எந்தப் பக்கமிருந்து எடுத்த வெட்டு என்று தெரிந்துகொள்வதால் யாரும் மருத்துவரோடு மோதப் போவதில்லை. தெரியாதபோதுதான் பயமும் சந்தேகமும் பெருகுகின்றன. மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் குழும ஒழுங்குமுறை சொல்கிறது. கேட்டு வாங்கிய காகிதம் புரியும்படி இருந்தால்தான் அந்த உரிமை முழுமையாகும்.

தமிழில் இதையெல்லாம் விளக்க முடியுமா என்று தயங்குபவர்கள் யாழ்ப்பாணத்தைத் திரும்பிப் பார்க்கலாம். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 1860களில் உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழ்வழியிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். எலும்பும் நரம்பும் ரத்தக்குழாயும் தமிழில் படித்த மாணவர்கள் மருத்துவர்களாகவே வெளியே வந்தார்கள். அவர்களுக்கு ஒரு முழுப் படிப்பே தமிழில் கிடைத்தது. இன்று நோயாளிக்குத் தேவைப்படுவது ஒரு பக்க விளக்கம்.

பள்ளியிலும் இதற்கு இடம் காத்திருக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் செடித்தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தையும் சிறுநீரகத்தின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தையும் பக்கம் பக்கமாக வரைந்து பாகம் குறிக்கிறார்கள். இதயப் படத்தில் வலது ஏட்ரியம் தாளின் இடப் பக்கம் இருப்பதை மனப்பாடமாக ஏற்றுக்கொள்கிறார்கள். எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்க்கிறோம், அதனால்தான் இடம் மாறுகிறது என்று ஆசிரியர் ஒருமுறை ஒரு மாணவனை வகுப்பின் முன் நிறுத்திக் காட்டிவிட்டால் போதும். அதே நாளில் மூன்று தளங்களையும் அவன்மேலேயே காட்டிவிடலாம். அந்த மாணவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் ஸ்கேன் உறையைப் பிரித்துப் பார்ப்பான்.

அந்த உறையிலிருந்தே தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களிலும் தனியார் மையங்களிலும் படத்தை ஒரு பெரிய உறையில் போட்டுத்தான் தருகிறார்கள். அந்த உறையின் பின்பக்கத்தில், உள்ளங்கையை முன்னே காட்டி நிமிர்ந்து நிற்கும் ஓர் உருவமும், அதன்மேல் மூன்று தளங்களும், ‘குறுக்குவெட்டுப் படத்தில் இடப் பக்கம் தெரிவது உங்கள் வலது’ என்ற வரியும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். கீழே ஒரு கட்டம்: எந்தப் பக்கத்துக்காக இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது என்பதை நோயாளி தன் கையாலேயே அந்த உருவத்தின்மேல் குறிக்க வேண்டும், எழுதத் தெரியாதவர் விரலால் காட்டும் இடத்தில் ஊழியர் குறிக்கலாம். அறுவைக்குப் போகும் நாளில் ஒப்புதல் படிவத்தோடு அந்த உறையும் மேசைக்கு வர வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர் ஊசியை எடுப்பதற்குமுன் நோயாளியிடம் “எந்தப் பக்கம்?” என்று கேட்டு, உறையில் உள்ள குறியோடும் தோலில் இட்ட மைக்குறியோடும் ஒப்பிட வேண்டும். அச்சுச் செலவு உறைக்கு ஏற்கெனவே ஆகும் செலவுக்குள் அடங்கிவிடும். மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஒரு சுற்றறிக்கை இதைத் தொடங்கிவைக்கப் போதும்.